தெரிந்த செலவுக்குக் கடன் எதற்கு? – வரவு செலவு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வீட்டுச் சேமிப்பு குறித்துக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் எட்டினைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில கடிதங்கள் நீளமாக இருந்ததால் சுருக்கியுள்ளேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் எல்லாக் கடிதங்களிலும் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் விசைத்தறிக் கூடத்தில் மேற்பார்வையாளர், மாதம் 28,000 ரூபாய் வருகிறது. நான் வீட்டிலிருந்தே தைப்பதில் 9,000 ரூபாய் கிடைக்கிறது. மூன்று மாதமாக நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிறேன். மாலை நேர வடை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். ஆனாலும் ஜூன் மாதம் வந்தால் என் சங்கிலி அடகுக்குப் போய்விடுகிறது. ஓட்டை எங்கே இருக்கிறது? – வாசகி, ஈரோடு

பதில்: முதலில் பிரியாணியை மறுபடியும் தொடங்குங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து மகிழ்ச்சியாக உண்ணும் ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்தித்தான் குடும்பம் நிமிர வேண்டும் என்ற நிலையில் நீங்கள் இல்லை. உங்கள் நோட்டில் ஒவ்வொரு மாதமும் வரவுக்குள் செலவு அடங்கியிருக்கிறது. நீங்கள் எழுதுவது மாதக் கணக்கு. சங்கிலியை அடகுக்கு அனுப்புகிறவை ஆண்டுக்கு ஒருமுறை, இருமுறை வருகிற செலவுகள். அவற்றுக்கு உங்கள் நோட்டில் பக்கமே இல்லை.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன். அவற்றில் ஆறேழு ஆண்டுகள் நகைக்கடன் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜூன் முதல் வாரத்தில் அந்த மேசைக்கு முன்னால் நிற்கிற வரிசை மற்ற மாதங்களில் வருவதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். ஓர் அம்மையார் ஆண்டுதோறும் அதே ஐந்து பவுன் முகப்புச் சங்கிலியைக் கொண்டுவருவார். அதைத் தராசில் வைப்பதற்கு முன்பே எங்கள் நகை மதிப்பீட்டாளர் எடையைச் சொல்லிவிடுவார். ஒவ்வொரு முறையும் உரைகல்லில் உரசியதில் சில மில்லிகிராம் குறைந்திருக்கும் என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சங்கிலி பிப்ரவரியில் மீட்கப்படும், மாசித் திருவிழாவில் கழுத்தில் கிடக்கும், ஜூனில் மறுபடியும் எங்கள் பெட்டகத்துக்கு வந்துசேரும். ஜூனில் பள்ளிக் கட்டணம் வரும் என்பது பிப்ரவரியிலேயே அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் ஒருமுறைகூட நான் அதை அவரிடம் எடுத்துச் சொன்னதில்லை. கடன் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் தொகைகளையே எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் இருவரின் பள்ளிக் கட்டணம், சீருடை, புத்தகம் 38,000, தீபாவளி 15,000, சீர், மொய் 12,000, குலதெய்வக் கோயில் பயணம் 6,000, இருசக்கர வாகனக் காப்பீடும் பழுதுபார்ப்பும் 5,000, சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் 2,400. மொத்தம் 78,400 ரூபாய். இதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 6,530 ரூபாய் வருகிறது. இதில் ஒன்றுகூட எதிர்பாராத செலவு இல்லை. எந்த மாதம் வரும் என்பதுவரை உங்களுக்குத் தெரியும். சுவரில் மாட்டியிருக்கிற மாதக் காலண்டரில் இவை ஒவ்வொன்றையும் அந்தந்த மாதத்தில் சிவப்பு மையால் எழுதிவையுங்கள்.

37,000 வருமானத்தில் 6,530 ரூபாயை எப்படி எடுத்துவைப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். புதிதாக மிச்சம் பிடிக்கும்படி நான் சொல்லவில்லை. இந்தப் பணத்தை இப்போதும் நீங்கள்தான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். செலவுக்கு முன்னால் கட்டாமல் பின்னால், வட்டியோடு கட்டுகிறீர்கள். 60,000 ரூபாய் நகைக்கடனை 9 சதவீத வட்டியில் எட்டு மாதம் வைத்திருந்தால் 3,600 ரூபாய் வட்டி ஆகிறது. அதே பணத்தைச் செலவுக்கு முன்னால் கட்டினால் அந்த 3,600 மிச்சமாவதோடு, சிறிது வட்டி உங்களுக்கும் வரும்.

செய்முறை எளியது. சம்பளம் வருகிற நாளுக்கு மறுநாளே இந்தத் தொகை வேறொரு கணக்குக்குத் தானாகப் போய்விடும்படி வங்கியில் எழுதிக்கொடுத்துவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டையும் வேண்டாம், கைப்பேசிச் செயலியில் இணைப்பும் வேண்டாம். பள்ளிக் கட்டணத்துக்கான பகுதியை மட்டும் மே மாதக் கடைசியில் தொடங்கி அடுத்த மே மாதக் கடைசியில் முதிர்கிற ஓராண்டுத் தொடர் வைப்பாக (மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டிவருகிற ஆர்.டி.) போட்டுவிடலாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மறைத்தால் நான் நேர்மையாகப் பதில் சொன்னதாகாது. முதல் ஆண்டில் பழைய அடகையும் மீட்க வேண்டும், அடுத்த ஜூனுக்கும் சேர்க்க வேண்டும். ஆகவே அந்த ஓராண்டு கடினமாகத்தான் இருக்கும். தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் போனஸாக வருவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு தீபாவளிக்கு அதில் துணிமணி எடுக்காமல், முழுவதையும் நகைக்கடனில் கட்டிவிடுங்கள். பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சம்பளம் 34,000. கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவருகிறேன், ஆனால் பாக்கி குறையவே இல்லை. கைப்பேசியில் பணம் அனுப்பத் தொடங்கியதிலிருந்து எங்கே செலவாகிறது என்பதும் தெரியவில்லை. – வாசகர், சென்னை

பதில்: குறைந்தபட்சத் தொகை என்பது உங்கள் பெயர் கெடாமல் இருப்பதற்காக வைத்திருக்கிற தொகை, கடன் தீருவதற்கான தொகை என்று அதை நினைத்துவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40,000 ரூபாயில் 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 2,000. பல அட்டைகளில் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீத அளவில் இருக்கிறது. அதாவது 1,400 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 252 ரூபாய். நீங்கள் கட்டிய 2,000 ரூபாயில் 1,652 இப்படிப் போய்விட, அசலில் குறைவது 348 ரூபாய் மட்டுமே. அதோடு, பாக்கி நிற்கிற வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கு வட்டியில்லாத நாள்கள் கிடையாது. வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ஆண்டுக்கு 42 சதவீத வட்டி கொடுத்துக்கொண்டே இன்னொரு பக்கம் சேமிப்பதில் பொருளே இல்லை.

எனவே இன்றே அட்டையைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். அலுவலகத்தில் பணியாளர் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அங்கே கேளுங்கள். இல்லையென்றால், வீட்டில் சும்மா கிடக்கிற நகையின் மேல் வங்கிக் கடன் வாங்கி அட்டைப் பாக்கியை முழுவதுமாக அடைத்துவிடுங்கள். மேலே ஈரோட்டு வாசகிக்கு அடகு வேண்டாம் என்றவன் இங்கே அடகு வைக்கச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். 42 சதவீதத்தை 9 அல்லது 10 சதவீதமாக மாற்றுகிற கடனும் இருக்கத்தான் செய்கிறது. அதை மாதம் 4,000 வீதம் கட்டினால் ஓராண்டுக்குள் முடிந்துவிடும்.

கைப்பேசிச் செலவுக்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது. சம்பளம் விழுகிற கணக்கைப் பணம் அனுப்பும் செயலியிலிருந்து நீக்கிவிடுங்கள். சிறு கணக்கொன்றை இணைத்து, ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த வாரத்துக்கான 2,000 ரூபாயை அதில் போடுங்கள். வியாழக்கிழமை டீக்கடையில் ‘போதிய இருப்பு இல்லை’ என்று திரை காட்டினால், பணப்பையைத் திறந்து பார்த்த காலத்தில் நமக்கிருந்த எச்சரிக்கை திரும்பிவந்துவிடும்.

கேள்வி: கோடையில் ஈ.பி. பில் திடீரென்று எகிறிவிடுகிறது. 490 யூனிட்டுக்கு வந்த தொகையோடு ஒப்பிட்டால் 510 யூனிட்டுக்கு வந்த தொகை மிக அதிகம். மீட்டரில் பழுதா? – வாசகர், வேலூர்

பதில்: பழுது எதுவும் இல்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகளுக்குக் குறைந்த கட்டணம். அதற்கு மேல் உள்ளவற்றுக்கு இரண்டு மடங்கு அல்லது அதற்கும் கூடுதல். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும், 101 முதல் 200 வரையிலான அந்தக் குறைந்த கட்டணச் சலுகை போய்விடும். இதனால் மட்டுமே 200 ரூபாய்க்கு மேல் கூடுகிறது; 500-க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு உரிய உயர் கட்டணம் அதற்கும் மேலே வரும்.

ரீடிங் எடுக்க வருகிறவர் எண்ணைக் குறித்துவிட்டுப் போன நாளிலிருந்து முப்பதாம் நாள் நீங்களே மீட்டரைப் பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் மீதி முப்பது நாளில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டிவைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் குறையும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. பழைய 75 வாட் மின்விசிறி ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் சுழன்றால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட் ஆகும். அதே வேலையை 30 வாட்டில் செய்கிற புதுவகை விசிறிக்கு 29 யூனிட் போதும். எல்லா அறைக்கும் மாற்ற வேண்டியதில்லை. இரவும் பகலும் ஓடுகிற ஒரு விசிறியை மட்டும் முதலில் மாற்றுங்கள்.

கேள்வி: என் அம்மா காய்கறித் தள்ளுவண்டி வைத்திருக்கிறார். தண்டல்காரரிடம் 10,000 வாங்கினால் 9,000 கையில் கொடுப்பார். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். முடிந்ததும் மறுபடியும் வாங்குவார். “நூற்றுக்குப் பத்துதானே, வங்கிக்கு அலைவதைவிட மேல்” என்கிறார். சரியா? – வாசகி, மதுரை

பதில்: உங்கள் அம்மா சொல்வதில் ஒரு பாதி உண்மை. தண்டல்காரர் வண்டிக்கே வருகிறார், படிவம் கேட்பதில்லை, மழை நாளில் ஒரு தவணை விட்டாலும் பொறுத்துக்கொள்கிறார். இந்த வசதிகளை எந்த வங்கியும் உங்கள் அம்மாவுக்குத் தந்ததில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் நூற்றுக்குப் பத்து என்பது சரியில்லை. 9,000 ரூபாய் நூறு நாளும் அவர் கையில் இருப்பதில்லை. முதல் நாளே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுவதால், சராசரியாகப் பார்த்தால் அதில் பாதிதான் அவரிடம் இருக்கிறது. அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கும் மேலான வட்டி ஆகிறது. ஆண்டு முழுவதும் விடாமல் இப்படி வாங்கினால் முன்பிடித்தம் மட்டுமே 3,650 ரூபாய். 9,000 ரூபாய் முதலுக்கு, ஆண்டுதோறும் இவ்வளவு!

இதில் எனக்கு நம்பிக்கை தருகிற செய்தி வேறொன்று. தினம் 100 ரூபாயை, நூறு நாளும், வேறொருவருக்குத் தவறாமல் கட்டுகிற ஒழுங்கு உங்கள் அம்மாவிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாதச் சம்பளக்காரர்கள் பலரிடம் நான் காணாத ஒழுங்கு இது. ஆகவே இந்தத் தவணை முடிந்த மறுநாள், தண்டல்காரர் வருகிற அதே நேரத்தில் அதே 100 ரூபாயை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மகள் என்று பார்க்காமல் கண்டிப்பாக வசூல் செய்யுங்கள். வாரம் ஒருமுறை அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். நூறு நாளில் 10,000 ரூபாய் சேர்ந்துவிடும், அது அவருடைய சொந்த முதல். அந்த நூறு நாளுக்குக் கொள்முதல் செய்யப் பணம் வேண்டுமே என்றால், தெருவோர வியாபாரிகளுக்காக 2020-இல் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி கடனுக்கு மாநகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். தொடக்கத்தில் 10,000 ரூபாயாக இருந்த முதல் தவணைக் கடன் பின்னர் 15,000 ஆக உயர்த்தப்பட்டது. ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதத்தை அரசு மானியமாகத் தருகிறது. வியாபாரி அடையாள அட்டைக்கு இரண்டு மூன்று முறை அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலை நீங்கள் ஏற்றுக்கொண்டு, அம்மாவை வண்டியிலேயே இருக்க விடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவர் தீபாவளிச் சீட்டு நடத்துகிறார், மாதம் 500. இன்னொரு பக்கம் நகைக்கடையில் பதினொரு மாதச் சீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். அலுவலகத்தில் ஏலச் சீட்டும் இருக்கிறது. எதில் சேரலாம்? – வாசகி, திருவண்ணாமலை

பதில்: மூன்றுக்கும் ‘சீட்டு’ என்றே பெயர் வழங்கினாலும் மூன்றும் வெவ்வேறானவை.

ஏலச் சீட்டுக்கு 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் இருக்கிறது. பதிவுத்துறையின் சீட்டுப் பதிவாளரிடம் முன் அனுமதி பெற்று, அவரிடம் பிணைத்தொகை வைத்த பிறகே சீட்டைத் தொடங்க முடியும். நடத்துகிறவர் எடுத்துக்கொள்ளக்கூடிய கழிவு முன்பு 5 சதவீதம். 2019-இல் சட்டத்தைத் திருத்தி 7 சதவீதம் வரை உயர்த்தினார்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள், ஒப்பந்தப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். “நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கு இதெல்லாம்” என்று பதில் வந்தால் அதுவே உங்களுக்கு வேண்டிய பதில். பதிவுள்ள சீட்டாக இருந்தாலும், அவசரத்துக்கு ஏலத்தில் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டு முன்கூட்டியே எடுக்கிறவருக்கு அது கடன், கடைசிவரை காத்திருக்கிறவருக்கு அது சேமிப்பு. இதில் நீங்கள் யார் என்பதைச் சேருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தீபாவளிச் சீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாதம் 500 வீதம் கட்டினால் இனிப்பு, பட்டாசு, எவர்சில்வர் பாத்திரம், வெள்ளிக் காசு எல்லாம் தருவோம் என்று பட்டியலை வண்ணத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள். கட்டிய தொகைக்கு மேல் இவ்வளவும் எங்கிருந்து வரும் என்று கேட்டால் தெளிவான பதில் இருக்காது. பல வீடுகளின் பணம் ஓராண்டு ஒருவரிடம் தங்குகிறது. அதற்குப் பிணையும் இல்லை, மேற்பார்வையும் இல்லை. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்து 2019-இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1997 முதலே வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் பணம் போன பிறகு பொருளாதாரக் குற்றப்பிரிவில் மனு எழுதும்போதுதான் நினைவுக்கு வருகின்றன. அதே 500 ரூபாயை வங்கித் தொடர் வைப்பில் போட்டால் ஐப்பசிக்கு 6,000 ரூபாயும் சிறிது வட்டியும் வரும். பலகாரத்தை உங்கள் விருப்பம்போல் வாங்கிக்கொள்ளலாம்.

நகைச் சீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பொருளுக்காக வாங்குகிற முன்பணத்தை நிறுவனங்கள் 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதி இருப்பதால்தான் இவை பெரும்பாலும் பதினொரு மாதத்தில் முடிகின்றன. வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நகைச் சீட்டுப் பணத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. இதில் கிடைக்கிற ஆதாயம் சேதாரத் தள்ளுபடிதான். 8 கிராம் வளையலுக்கு 14 சதவீதம் சேதாரம் என்றால் நீங்கள் 9.12 கிராமுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 9.4 கிராமின் விலை ஆகிவிடும். நாளைக்கே விற்கப் போனால் 8 கிராமுக்குத்தான் மதிப்பு. ஆகவே மகளின் திருமணத்துக்கு எப்படியும் நகை வாங்கத்தான் போகிறோம் என்பவர்களுக்குச் சேதாரம் இல்லாத சீட்டு உண்மையான மிச்சம். எந்த வகை நகைகளுக்கு, எத்தனை சதவீதம் வரை அந்தத் தள்ளுபடி பொருந்தும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது 916 முத்திரையோடு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடும் நகையில் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம். பணத்தைச் சேமிக்க நகை வாங்குகிறேன் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

அஞ்சலக ஐந்தாண்டுத் தொடர் வைப்பில் மாதம் 1,000 ரூபாய் கட்டினால் 6.7 சதவீத வட்டியில் 60,000 ரூபாய் 71,366 ஆகிறது. வண்ணப் பட்டியல் எதையும் உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள் என்பது ஒன்றுதான் அதில் உள்ள குறை.

கேள்வி: மாத மளிகையைப் பெரிய கடையில் தள்ளுபடியில் மொத்தமாக வாங்குவது மிச்சமா, தெருமுனை அண்ணாச்சி கடையில் அவ்வப்போது வாங்குவது மிச்சமா? – வாசகி, சேலம்

பதில்: எந்தக் கடை என்பதைவிட எந்த மாதம் என்பதில்தான் மிச்சம் இருக்கிறது. உங்கள் பக்கத்திலேயே தருமபுரி, கிருஷ்ணகிரிப் புளி மாசி, பங்குனியில் சந்தைக்கு வந்துவிடுகிறது. அப்போது ஓராண்டுக்கு வேண்டியதை வாங்கி, கொட்டையும் நாரும் நீக்கி, ஒரு வெயில் காயவைத்து, கல்லுப்பைத் தூவி மண் ஜாடியிலோ பீங்கான் ஜாடியிலோ அழுத்தி அடைத்துவிட்டால் அடுத்த மாசி வரை கவலையில்லை. மிளகாய் வற்றலையும் மல்லியையும் வெயில் காலத்திலேயே வாங்கிக் காயவைத்து அரைத்துவிடலாம். துவரம் பருப்பையும் பாமாயிலையும் நியாயவிலைக் கடையில் கிலோ 30, லிட்டர் 25 என்று தருகிறபோது கௌரவம் பார்த்து விட்டுவிடாதீர்கள். எண்ணெய், ரவை, மைதா ஆகியவற்றைக் குவித்துவைக்க வேண்டாம். சிக்கு வாடையும் வண்டும் உங்கள் தள்ளுபடியைத் தின்றுவிடும்.

பெரிய கடையில் வாங்குவதானால் பொட்டலத்தின் மேல் பொடி எழுத்தில் ஒரு கிராம் அல்லது ஒரு மில்லிலிட்டர் என்ன விலை என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். அதை அச்சிடுவது இப்போது கட்டாயம். ஒரு லிட்டர் போலத் தோன்றுகிற எண்ணெய்ப் பை 850 மில்லியாக இருப்பதும், ‘குடும்பப் பொதி’ என்று எழுதிய பெரிய பையில் கிராம் விலை சிறிய பையைவிடக் கூடுதலாக இருப்பதும் அங்கேதான் தெரியவரும். அண்ணாச்சி கடையில் விலை சிறிது கூடுதலாக இருக்கலாம். ஆனால் அங்கே நாம் கேட்டது மட்டுமே பைக்குள் வருகிறது. தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போகிற இடத்தில் அப்படி நடப்பதில்லை என்பதை என் வீட்டிலேயே பலமுறை பார்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து. ஒரே வாரத்தில் ஏழெட்டு அழைப்பிதழ். இதை எந்தச் செலவில் எழுதுவது? – வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: இதைச் செலவுப் பக்கத்தில் எழுதவே கூடாது. பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கத்தில் மொய் என்பது எழுத்தில் உள்ள, வட்டியில்லாத கடன். வங்கிக்காரனான எனக்கே பொறாமை தருகிற அளவுக்குத் திருப்பி வருகிற கடன். ஆகவே ஒரு தனி நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். நீங்கள் செய்தது ஒரு பத்தியில், உங்களுக்கு வந்தது இன்னொரு பத்தியில். ஒவ்வோர் ஆண்டும் சித்திரையிலேயே அந்த நோட்டைப் புரட்டினால், வரும் ஆடியில் யார் யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும், அதன்மேல் எவ்வளவு கூட்டிச் செய்ய வேண்டும் என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். அந்தத் தொகையைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துவிடுங்கள். ஈரோட்டு வாசகிக்குச் சொன்ன அதே முறைதான்.

பலர் சறுக்குவது தங்கள் முறை வரும்போது. கிடா வெட்டி விருந்து போட்டு, மாலையில் ரொக்கத்தை எண்ணும்போது அது வருமானம்போலத் தோன்றுகிறது. உண்மையில் அன்று சாயங்காலம் நீங்கள் பல நூறு பேருக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை ஆழ்துளைக் கிணற்றுக்கோ, வட்டி கூடிய பழைய கடனை அடைக்கவோ பயன்படுத்துங்கள். திருப்பிச் செய்ய வருமானம் தருகிற ஒன்றில் அது போக வேண்டும். வீட்டு முகப்புக்குக் கிரானைட் பதித்தால், அடுத்த ஆடியில் மொய் எழுதுவதற்கே வட்டிக்கு வாங்க வேண்டிவரும். விருந்துச் செலவையும் வரவில் கழித்துவிட்டே மீதியைப் பாருங்கள்.

கேள்வி: மே மாதக் கடைசியில் என் கணக்கிலிருந்து 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்திருக்கிறார்கள். நான் எதுவும் வாங்கவில்லையே? – வாசகர், தூத்துக்குடி

பதில்: கணக்கு தொடங்கியபோதோ பின்னரோ நீங்கள் கையெழுத்திட்ட படிவங்களில் இரண்டு காப்பீடுகள் இருந்திருக்கும். 436 ரூபாய் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறப்பு நேர்ந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 18 முதல் 50 வயது வரை சேரலாம். 20 ரூபாய் விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்தால் 2 லட்சம், 18 முதல் 70 வயது வரை. இரண்டும் ஜூன் முதல் மே வரை ஓராண்டுக்கானவை. வேண்டாமென்றால் வங்கியில் எழுதிக்கொடுத்து நிறுத்திவிடலாம். ஆனால் உங்களைக் கேளாமல் பிடித்த கோபத்தில் நிறுத்திவிட வேண்டாம் என்பது என் யோசனை. இந்த விலைக்கு வெளியில் இப்படியொரு காப்பீடு கிடைப்பது அரிது.

இதே மே மாதத்தில் கணக்கில் 456 ரூபாய் இல்லாமல் போனதால் காப்பீடு அற்றுப்போனவர்களையும், காப்பீடு இருப்பதே தெரியாததால் கேட்டு வராத குடும்பங்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை, இறந்தவரின் கணக்கை முடிக்க வந்த மகனுக்கு, பாஸ்புத்தகத்தில் ‘436’ என்று அச்சாகியிருந்த வரியை நாங்கள்தான் விரல் வைத்துக் காட்டினோம். வங்கிக்குப் போய் இரண்டு காப்பீட்டிலும் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்த வரி உள்ள பக்கத்தை உங்கள் மனைவியிடம் காட்டி, பாஸ்புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் சொல்லிவையுங்கள்.